தூது போன சாமியார்கள்: வாசகர் கேள்வி-பதில்

சென்ற இதழில் ஏதோ ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது, "மொசாம்பிக் நாட்டின் உள்நாட்டுப் போரை முடித்துவைத்ததில் ஒரு பேராயருக்குப் பெரிய பங்கு உண்டு" என்று போகிற போக்கில் எழுதிவிட்டேன். அதைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களே இந்த முறை மேசையை நிறைத்துவிட்டன. சினிமா, கிரிக்கெட் கேள்விகள் அடுத்த இதழுக்குப் போகின்றன, மன்னிக்கவும். புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் தொழிலாளர் துறையில் சமரச அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன். ஸ்ட்ரைக், லாக்-அவுட், போனஸ் தகராறு என்று இரண்டு தரப்புக்கு நடுவில் உட்கார்ந்தே தலை நரைத்தது. எதைப் பார்த்தாலும் அந்தக் கண்ணோடுதான் பார்ப்பேன்.

கேள்வி: ஒரு பேராயர் போய்ச் சொன்னதும் துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டார்களா? நம்பும்படி இல்லையே ஐயா? (கோவில்பட்டி வாசகர்)

சொன்னதும் யாரும் போடவில்லை. பேச உட்கார்ந்த பிறகு கையெழுத்தாக இரண்டேகால் வருஷம் ஆனது. உட்காரவைப்பதற்கே அதற்கு முன்னால் இரண்டு வருஷம் போயிருந்தது.

போர்த்துகீசியரிடமிருந்து ஆப்பிரிக்க நாடான மொசாம்பிக் விடுதலை பெற்றது 1975 ஜூனில். ஆட்சிக்கு வந்தது ஃப்ரெலிமோ என்ற மார்க்சிய இயக்கம். அதை எதிர்த்துக் கிளம்பிய ரெனாமோவை முதலில் ரொடீஷியாவின் (இன்றைய ஜிம்பாப்வே) வெள்ளையர் அரசு வளர்த்துவிட்டது, பிறகு தென்னாப்பிரிக்காவின் நிறவெறி அரசு தீனி போட்டது. போரிலும் போர் கொண்டுவந்த பஞ்சத்திலுமாகச் செத்தவர்கள் ஏறத்தாழ 10 லட்சம் பேர் என்கிறார்கள். அரசாங்கம் ரெனாமோவைப் பெயர் சொல்லிக்கூட அழைக்காது. 'ஆயுதக் கொள்ளையர்' என்றுதான் சொல்லும். கொள்ளைக்காரனோடு எந்த அரசாங்கம் மேசை போட்டுப் பேசும்? முடிச்சு அங்கே இருந்தது.

பெய்ரா நகரப் பேராயர் ஜெய்மே கொன்சால்வெஸ். அவருக்கு அரசின் மேல் மனத்தாங்கல் இருக்க எல்லா நியாயமும் உண்டு. விடுதலைக்குப் பிறகு திருச்சபையின் பள்ளிக்கூடங்களையும் ஆஸ்பத்திரிகளையும் ஃப்ரெலிமோ அரசுடைமை ஆக்கியிருந்தது. ஆனாலும் அவர் எதிர்ப்பக்கம் சாயவில்லை. ரெனாமோ தலைவர் அஃபோன்சோ த்லகாமாவும் அவரும் ஒரே ந்தாவு இனத்தவர்கள். 1988-ல் காட்டுக்குள் இருந்த ரெனாமோ முகாமுக்குப் போய் அவரை நேரில் பார்த்துப் பேசினார். மறுவருஷம் கத்தோலிக்கர், ஆங்கிலிக்கர் என்று பல சபைத் தலைவர்கள் சேர்ந்து, அதிபர் ஷிசானோவுக்குத் தெரிந்தே, நைரோபியில் ரெனாமோ ஆட்களைச் சந்தித்தார்கள். அரசாங்கத்தால் வெளிப்படையாகச் செய்ய முடியாததைச் சாமியார்கள் செய்தால் அரசாங்கத்துக்கு ஒரு வசதி. நாளைக்கு விஷயம் கெட்டுப்போனால், 'அது அவர்களாகப் போனது' என்று கை கழுவிவிடலாம். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. தூது போகிறவர் இந்த வசதியைத் தர மனதார ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அப்புறம் ரோம். 1968-ல் பள்ளிக்கூடப் பையன்கள் சிலர் ஏழைகளுக்கு உதவ என்று தொடங்கிய சான்ட் எஜிதியோ என்ற அமைப்பு, அங்கே டிராஸ்டெவரே பகுதியில் ஒரு பழைய கன்னியர் மடத்தில் இருக்கிறது. கொன்சால்வெஸ் ரோமில் படித்த காலத்திலேயே அவர்களுக்குப் பழக்கம். அவரை இத்தாலியக் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் பெர்லிங்குவரிடமே அழைத்துப்போனவர்கள் அவர்கள். மார்க்சிய அரசுக்குச் சொல்லவேண்டியதை மார்க்சியர் வாயால் சொல்லவைப்போம் என்ற கணக்கு. கெட்டிக்காரர்கள்.

1990 ஜூலையில் அந்த மடத்தில் முதல் சந்திப்பு. நடுவில் உட்கார்ந்தவர்கள் நாலு பேர்: கொன்சால்வெஸ், அமைப்பை நிறுவிய ஆந்திரேயா ரிக்கார்தி, மத்தேயோ சூப்பி என்ற இளம் பாதிரியார், இத்தாலிய அரசின் சார்பில் மாரியோ ரஃபாயெல்லி என்ற அரசியல்வாதி. ரிக்கார்தி துறவி இல்லை, சரித்திரப் பேராசிரியர். ஆக நாலு பேரில் அங்கி போட்டவர்கள் இரண்டே பேர். முதல் சந்திப்பின் முடிவில் வந்த அறிக்கையில் போர் நிறுத்தம் பற்றி உருப்படியாக ஒன்றும் கிடையாது. 'நாம் இருவரும் ஒரே நாட்டவர், பெரிய மொசாம்பிக் குடும்பத்தின் உறுப்பினர்கள்' என்று மட்டும் இருந்தது. பத்திரிகைக்காரர்களுக்குச் சப்பென்று இருந்திருக்கும். எனக்கு அதுதான் முதல்தரமான வேலையாகப் படுகிறது. இத்தனை வருஷம் கொள்ளைக்காரன் என்று சொல்லி வந்த வாயால் 'நம்ம ஆள்' என்று எழுதவைத்துவிட்டார்களே! முதல் நாளே கோரிக்கைப் பட்டியலைப் பிரித்திருந்தால் கூட்டம் அன்றோடு கலைந்திருக்கும். டிசம்பரில் போட்ட முதல் ஒப்பந்தமும் சின்னதுதான். பெய்ரா, லிம்போப்போ என்ற இரண்டு ரயில் பாதைகளை ஒட்டிய பகுதிகளில் மட்டும் சண்டை கூடாது, அங்கே காவலுக்கு நிற்கும் ஜிம்பாப்வே படை அந்தப் பகுதியை விட்டு வெளியே வரக்கூடாது, அவ்வளவுதான். மொத்தச் சம்பள உயர்வைப் பேசுவதற்கு முன்னால் கேன்டீன் பிரச்சினையை முடிப்போம் என்று நாங்களும் ஆரம்பிப்போம்.

எங்கள் தொழிலில் இடம் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. ஒரு நூற்பு ஆலைத் தகராறில், மில் கெஸ்ட் ஹவுசுக்கு யூனியன்காரர்கள் வரமாட்டேன் என்றார்கள். என் ஆபீசுக்கு வர நிர்வாகத்துக்குத் தயக்கம், வாசலில் நிருபர்கள் நின்றார்கள். கடைசியில் அந்த ஊர்ப் பங்குச் சாமியார் தன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு அறையைத் திறந்துவிட்டார். ஜெனரல் மேனேஜரும் யூனியன் செயலாளரும் பிள்ளைகளின் குட்டி பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து ராத்திரி பூராவும் பேசினார்கள். சாமியார் பிளாஸ்கில் டீ கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனவர்தான், விடிந்த பிறகுதான் எட்டிப் பார்த்தார். ரோமில் நடந்ததில் பாதி இந்த வேலை.

1992 அக்டோபர் 4-ல் ஷிசானோவும் த்லகாமாவும் கையெழுத்துப் போட்டார்கள். எல்லாப் பெருமையையும் ஜெபத்துக்குக் கொடுத்துவிட மாட்டேன். பனிப்போர் முடிந்திருந்தது. தென்னாப்பிரிக்கா தன் வீட்டுப் பிரச்சினையில் இருந்தது. அந்த வருஷம் தெற்கு ஆப்பிரிக்கா முழுக்கக் கடும் வறட்சி, இரண்டு படைக்கும் சோறில்லை. த்லகாமாவைத் தன் விமானத்தில் ஏற்றி இறக்கியவர் டைனி ரோலண்ட் என்ற பிரிட்டிஷ் கோடீஸ்வரர், அந்தப் பக்கத்தில் நிறைய முதலீடு போட்டிருந்தவர். புனிதர்களோடு முதலாளியும் தேவைப்பட்டார். ஐ.நா. படை வந்து இறங்கியது, 1994-ல் தேர்தல் நடந்தது. இருபது வருஷம் கழித்து மறுபடி கொஞ்சம் புகைந்தது, 2019-ல் இன்னொரு ஒப்பந்தம் போட்டார்கள். ஆனால் அந்தப் பழைய அளவில் போர் திரும்பவில்லை.

கேள்வி: ஒரு சாமியாரைச் சமரச அலுவலராகப் போட்டிருந்தால் எங்களுக்கு 20 சதவீத போனஸ் வாங்கித் தந்திருப்பாரா? (ஈரோடு வாசகி)

8.33 சதவீதம் கட்டாயம் கிடைத்திருக்கும், அது சட்டம். மீதிக்கு நிர்வாகத்தின் பேலன்ஸ் ஷீட்டைப் படிக்கத் தெரிந்த சாமியாராக இருக்கவேண்டும்.

கேள்வி: வட அயர்லாந்தில் கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட் என்றுதானே சண்டை? அங்கே பாதிரியார் போய் நின்றால் எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றியது மாதிரி ஆகாதா? (திருநெல்வேலி வாசகர்)

ஊற்றியவர்களும் உண்டு. இயன் பெய்ஸ்லி என்ற பாதிரியார் 1951-ல் தனக்கென்று ஒரு சபை தொடங்கினார், 1971-ல் தனக்கென்று ஒரு கட்சி. எந்த ஒப்பந்தம் வந்தாலும் 'முடியாது' என்று மேடையில் முழங்குவதையே நாற்பது வருஷம் தொழிலாக வைத்திருந்தார். (அதே மனிதர் 2007-ல், பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து ஆயுதம் ஏந்திய கத்தோலிக்கர் பக்க இயக்கமான ஐ.ஆர்.ஏ.வின் பழைய தளபதி மார்ட்டின் மெக்கின்னஸோடு சேர்ந்து ஆட்சியில் உட்கார்ந்து, இரண்டு பேரும் சிரிக்கிற படம் பேப்பரில் வந்தது தனிக்கதை.)

நான் சொல்ல வந்தது அலெக் ரீட் என்ற கத்தோலிக்கப் பாதிரியாரைப் பற்றி. பெல்ஃபாஸ்டில் கத்தோலிக்கர் தெருவும் புராட்டஸ்டன்ட் தெருவும் முட்டிக்கொள்ளும் இடத்தில் க்ளோனார்ட் மடம் இருக்கிறது. அங்கே இருந்தவர். ஐ.ஆர்.ஏ.வின் அரசியல் முகமான ஷின் ஃபெய்ன் தலைவர் ஜெரி ஆடம்ஸோடு அப்போது யாரும் பேசமாட்டார்கள். கத்தோலிக்கர்களின் மிதவாதக் கட்சித் தலைவர் ஜான் ஹியூம்கூடத் தயங்கிய காலம். இரண்டு பேருக்கும் நடுவில் கடிதம் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தவர் ரீட்.

1988 மார்ச் 19. ஐ.ஆர்.ஏ. ஆள் ஒருவரின் இறுதி ஊர்வலம் போய்க்கொண்டிருக்கிறது. மூன்று நாளைக்கு முன்புதான் இன்னொரு இறுதிச் சடங்கில் ஒருவன் புகுந்து சுட்டு, வெடிகுண்டு வீசி மூன்று பேரைக் கொன்றிருந்தான். எல்லோரும் பதறிப்போய் இருக்கிற நேரத்தில் சாதாரண உடையில் இரண்டு பிரிட்டிஷ் ராணுவத்தினர் ஓட்டிவந்த கார் ஊர்வலத்துக்குள் மாட்டிக்கொண்டது. கூட்டம் அவர்களை இழுத்துப்போட்டு அடித்தது. ரீட் தடுக்கப் பார்த்தார், அவரைப் பிடித்துத் தள்ளினார்கள். இரண்டு பேரையும் ஒரு காலி மனைக்குக் கொண்டுபோய்ச் சுட்டுவிட்டார்கள். ரீட் ஓடிப்போய், உயிர் இருக்கிறதா என்று பார்த்து, வாயோடு வாய் வைத்து ஊதிப் பார்த்து, முடியாது என்று தெரிந்ததும் அந்திமப் பூசுதல் செய்தார். உடம்பின் பக்கத்தில் முழந்தாளிட்டு, உதட்டில் ரத்தத்தோடு அவர் நிமிர்ந்து பார்க்கிற புகைப்படம் உலகம் முழுக்கப் போனது.

புகைப்படத்தில் தெரியாத ஒன்று அப்போது அவரிடம் இருந்தது. ஹியூமிடம் சேர்க்கவேண்டிய ஷின் ஃபெய்ன் கடிதம். உறையில் ரத்தம் பட்டுவிட்டது. உறையை மாற்றி, கடிதத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். பத்து வருஷம் கழித்து, 1998 ஏப்ரல் 10, புனித வெள்ளியன்று வந்த சமாதான ஒப்பந்தத்துக்குப் போகும் பாதையில் அந்தத் தாளும் ஒன்று.

தொழில் ரீதியாக என்னை இன்னும் கவர்ந்தது 2005-ல் நடந்தது. ஐ.ஆர்.ஏ. ஆயுதங்களைக் கைவிடவேண்டும். உண்மையிலேயே அழித்தார்களா என்பதற்குப் போட்டோ வேண்டும் என்றது பெய்ஸ்லி கட்சி. போட்டோ எடுத்தால் தோற்றுப்போய் சரணடைந்த மாதிரி ஆகும், முடியாது என்றது ஐ.ஆர்.ஏ. கடைசியில் போட்டோவுக்குப் பதில் இரண்டு ஜோடிக் கண்கள்: ரீட், அப்புறம் ஹெரால்ட் குட் என்ற மெதடிஸ்ட் போதகர். கனடா நாட்டு ஜெனரல் டி ஷாஸ்டலேன் தலைமையில் நடந்த வேலையை இரண்டு பேரும் கூட இருந்து பார்த்துவிட்டு வந்து, 'கண்ணால் பார்த்தோம்' என்று செப்டம்பரில் சொன்னார்கள். பக்கத்துக்கு ஒரு சாமியார், அதை மறக்கவேண்டாம். ஒரே பக்கத்து ஆள் சாட்சி சொல்லியிருந்தால் எடுபட்டிருக்காது.

அடுத்த மாதமே ரீட் ஒரு கூட்டத்தில் வாக்குவாதம் முற்றி, புராட்டஸ்டன்ட் யூனியனிஸ்டுகள் (பிரிட்டனோடு சேர்ந்தே இருக்கவேண்டும் என்பவர்கள்) கத்தோலிக்கரை நடத்தியதை நாஜிகளோடு ஒப்பிட்டுப் பேசிவிட்டு, மன்னிப்புக் கேட்டார். நடுவில் நிற்பவரும் ஒரு தெருவில் பிறந்தவர்தான்.

கேள்வி: போப் பிரான்சிஸ் தென் சூடான் தலைவர்களின் காலில் விழுந்து முத்தமிட்டாரே, ஏதாவது பலன் இருந்ததா? (பெங்களூரு வாசகர்)

2019 ஏப்ரல் 11. வத்திக்கானில் அதிபர் சல்வா கீர், அவர் எதிரி ரீக் மஷார் இருவருக்கும் இரண்டு நாள் தியானம் வைத்து, கடைசியில் 82 வயதுக் கிழவர் சிரமப்பட்டுக் குனிந்து ஷூவில் முத்தமிட்டார். பார்க்கிறவர்களுக்கே உடம்பு கூசியது. 2020 பிப்ரவரியில் கூட்டு அரசு அமைந்தது. 2023-ல் போப், ஆங்கிலிக்கப் பேராயர், ஸ்காட்லாந்து சபைத் தலைவர் மூவரும் ஒன்றாக ஜூபா போனார்கள். தேர்தல் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது. 2025 மார்ச்சில் மஷாரை வீட்டுக்காவலில் வைத்துவிட்டார் கீர்.

காலில் விழுந்தால் ஒருவனை வெட்கப்படவைக்கலாம். வெட்கம் எத்தனை நாளைக்கு நிற்கும்? படையை எங்கே நிறுத்துவது, எண்ணெய்ப் பணத்தை யார் எண்ணுவது என்பதெல்லாம் காகிதத்தில் வரவேண்டிய சமாச்சாரங்கள். இதே மண்ணில், சூடான் ஒரே நாடாக இருந்தபோது, 1972-ல் கிறிஸ்தவ சபைகளின் கூட்டமைப்புகளான உலகச் சபைகள் மன்றமும் ஆப்பிரிக்கச் சபைகள் மாநாடும் சேர்ந்து அடிஸ் அபாபாவில் ஒரு ஒப்பந்தம் செய்துவைத்தன. தெற்குக்குத் தன்னாட்சி, கொரில்லாக்களுக்கு ராணுவத்தில் இடம் என்று விவரமாக எழுதியது. பதினோரு வருஷம் போர் இல்லை. 1983-ல் அதிபர் நிமெய்ரி தானே அதைக் கிழித்துப்போட்டார். அந்த 1972-க்கு உலகம் பார்த்த போட்டோ எதுவும் கிடையாது.

கேள்வி: பிரெஞ்சுப் படையில் இருந்த என் பெரியப்பா, "ஆப்பிரிக்காவில் பிஷப்பையே சபாநாயகர் ஆக்கினார்கள்" என்று சொல்வார். உண்மையா? (புதுச்சேரி வாசகர்)

உண்மை. ஒரு நாட்டில் இல்லை, வரிசையாக நடந்தது. முதலில் பெனின். ராணுவத்திலிருந்து வந்த மத்தியூ கெரெக்கூ மார்க்சிய-லெனினிய ஆட்சி என்று நடத்திக்கொண்டிருந்தார். 1989-ல் கஜானா காலி, ஆசிரியர்களுக்கு மாதக்கணக்கில் சம்பளம் இல்லை. வேறு வழியில்லாமல் 1990 பிப்ரவரியில் கொத்தொனு நகரத்து ஓட்டல் ஒன்றில் தேசிய மாநாடு கூட்டினார். ஏறத்தாழ 500 பேர். தலைமை தாங்க இசிதோர் தெ சூசா என்ற பேராயரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒற்றைக் கட்சி ஆட்சியில் கட்சி, சங்கம் எல்லாவற்றையும் நசுக்கியாகிவிட்டது. எல்லாரும் ஒப்புக்கொள்கிற ஆள் மிஞ்சியது திருச்சபைக்குள்தான்.

கூட்டம் 'நாங்களே இறையாண்மை உள்ளவர்கள்' என்று தீர்மானம் போட்டது. அதாவது கூப்பிட்டவர் தலையிலேயே கை. துப்பாக்கி அவரிடம். தெ சூசா அவரிடம் போய்ப் பேசி, மாநாட்டு முடிவுகளை அவர் ஏற்கும்படி செய்தார். இடைக்காலப் பேரவைக்குத் தலைவராக இருந்து, 1991 தேர்தலில் நிசெஃபோர் சொக்லோ ஜெயித்து வந்ததும் தன் மறைமாவட்டத்துக்குத் திரும்பிப் போய்விட்டார். ஆசைப்பட்டிருந்தால் அவரே நின்றிருக்கலாம். நிற்கமாட்டார் என்று தெரிந்ததால்தான் இரண்டு பக்கமும் அவரை நம்பியது.

பெனினைப் பார்த்து டோகோ, காபோன், காங்கோ, ஜயர் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) எல்லாம் பிஷப்களைத் தேடின. ஜயரில் பேராயர் மொன்செங்வோ நாற்காலியில் உட்கார்ந்தார். அங்கே சர்வாதிகாரி மொபுட்டு. மாநாடு ஒரு பிரதமரைத் தேர்ந்தெடுத்தால் அவர் இன்னொருவரை நியமிப்பார். ஒரு நாட்டுக்கு இரண்டு அரசாங்கம், இரண்டு விதமான பண நோட்டுப் பிரச்சினை வேறு. கெரெக்கூவின் கஜானா காலி. மொபுட்டுவிடம் தனிப் படைக்குக் கொடுக்கத் தனிப் பணம் இருந்தது. மொன்செங்வோ, தெ சூசாவைவிடத் திறமையில் குறைந்தவர் என்று யாரும் சொல்லமுடியாது.

கேள்வி: பிலிப்பைன்ஸில் கர்தினால் சின் மார்க்கோஸைக் கவிழ்த்தது உங்கள் கணக்கில் வராதா? (சென்னை வாசகர்)

வராது. 1986 பிப்ரவரியில் வெரித்தாஸ் வானொலியில், 'கலகம் செய்த தளபதிகளைக் காக்கத் தெருவுக்கு வாருங்கள்' என்று மக்களைக் கூப்பிட்டார். லட்சக்கணக்கில் எட்சா சாலைக்கு வந்தார்கள், மார்க்கோஸ் ஹவாய் போனார். அது ஆலை வாசலில் ஆள் திரட்டுகிற கேட் மீட்டிங், சமரசக் கூட்டம் இல்லை. இரண்டுமே தேவைப்படும். ஒரே ஆள் காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றும் செய்ய முடியாது.

கேள்வி: ஐயா, எங்கட நாட்டில சமயத் தலைவர்கள் சமாதானம் செய்ததை விடக் குழப்பினதுதான் கூட. இதுக்கு என்ன சொல்லுறீங்கள்? (யாழ்ப்பாணம் வாசகர்)

மறுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. 1957 ஜூலையில் பிரதமர் பண்டாரநாயக்காவும் தமிழர் தலைவர் தந்தை செல்வாவும் செய்த ஒப்பந்தம் அளவில் சிறியது. பிராந்திய சபைகள், வடக்கு கிழக்கில் தமிழில் நிர்வாகம். 1958 ஏப்ரல் 9 அன்று கொழும்பு ரோஸ்மீட் பிளேஸில் பிரதமர் வீட்டு வாசலில் பிக்குகள் வந்து உட்கார்ந்தார்கள். ஒப்பந்தம் ரத்து என்றார் பிரதமர். வாய்ச்சொல் போதாது, எழுதிக் கொடு என்றார்கள். எழுதிக் கொடுத்தார். இத்தனைக்குப் பிறகும் அவர் 1959 செப்டம்பரில் ஒரு பிக்குவின் துப்பாக்கியால்தான் சுடப்பட்டுச் செத்தார். ஆனால் பிக்குகள் தாங்களாக மட்டும் வந்து உட்காரவில்லை. ஒப்பந்தத்தை எதிர்த்துக் கண்டிக்கு நடைபயணம் கிளம்பியவர் ஜே.ஆர். ஜெயவர்த்தனா, எதிர்க்கட்சிப் பிரமுகர். முன்னால் காவி, பின்னால் வேட்பாளர்.

மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப்பை நீங்கள் என்னைவிட அறிவீர்கள். அவரைச் சமரசம் செய்தவர் என்பதைவிடச் சாட்சி சொன்னவர் என்பேன். 2011 ஜனவரியில் அரசு அமைத்த நல்லிணக்க ஆணைக்குழு முன் போய் நின்றபோது அவர் ஆவேசமாகப் பேசவில்லை, கழித்தல் கணக்குப் போட்டார். 2008 அக்டோபர் தொடக்கத்தில் கச்சேரிப் (மாவட்ட அரசு அலுவலகம்) பதிவுப்படி, போர் நடந்த வன்னியில் இருந்தவர்கள் 4,29,059. போர் முடிந்து அரசின் பக்கம் வந்தவர்கள் 2,82,380. மீதி 1,46,679 பேருக்கு என்ன ஆயிற்று? எண்கள் அரசாங்கம் வைத்திருந்த பதிவுகளிலிருந்து எடுத்தவை. பதில் வரவில்லை. அவர் 2021 ஏப்ரலில் காலமானார்.

2023 டிசம்பரில் உலகத் தமிழர் பேரவையும் சில பிக்குகளும் சேர்ந்து 'இமாலயப் பிரகடனம்' என்று ஒன்றை ஜனாதிபதியிடம் கொடுத்தார்கள். எங்களை யார் கேட்டது என்று வடக்கில் கோபம் கிளம்பியது, நியாயமான கோபம்தான். ஆனால் இந்த முறை பிக்குகள் பேச வந்து உட்கார்ந்ததை நான் தள்ளிவிடமாட்டேன். அரசியல் சாசனத்தின் 9-ஆம் பிரிவே பௌத்தத்துக்கு முதலிடம் கொடுக்கிற நாட்டில், தமிழ் ஆயர் எத்தனை நியாயம் சொன்னாலும் தெற்கில் அது எதிர்த்தரப்பு வாதம். சொல்லவேண்டியவர் பிக்குகளின் சங்கத்துக்குள்ளேயிருந்து வரவேண்டும், வந்து தன் ஆட்களிடம் திட்டு வாங்கவேண்டும். மாதுளுவாவே சோபித தேரர் 1987 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தை எதிர்த்துத் தெருவில் நின்றவர். வயதான பிறகு ஜனாதிபதி அதிகாரத்தைக் குறைக்கவேண்டும் என்று எல்லாத் தரப்பையும் ஒரு மேடையில் சேர்த்தார். மனிதர்கள் மாறுகிறார்கள். அவர் 2015 நவம்பரில் இறந்துவிட்டார்.

கேள்வி: எல்லாம் கிறிஸ்தவப் பாதிரியார்களாகவே சொல்கிறீர்களே? மற்ற மதத்தில், நம் நாட்டில் யாரும் இல்லையா? (திண்டுக்கல், கல்லூரி மாணவர்)

இருக்கிறார்கள், தம்பி. 2004 ஆகஸ்டில் ஈராக்கின் நஜஃப் நகரில் இமாம் அலி தர்காவுக்குள் அமெரிக்காவை எதிர்த்த ஷியா மதகுரு முக்ததா அல்-சதரின் ஆட்கள், சுற்றிலும் அமெரிக்கப் படை. மூன்று வாரமாகச் சண்டை. ஷியாக்களின் மூத்த மதகுரு சிஸ்தானி இதய சிகிச்சைக்காக லண்டனில் இருந்தார். சிகிச்சை முடிந்ததும் குவைத் வழியாக பஸ்ரா வந்து, 'என்னோடு நஜஃபுக்கு வாருங்கள்' என்று ஜனங்களைக் கூப்பிட்டு, கார் வரிசையோடு ஊருக்குள் நுழைந்தார். அன்று ராத்திரியே உடன்பாடு. சதர் ஆட்கள் வெளியேறினார்கள், தர்காவின் சாவி சிஸ்தானியின் ஆட்கள் கைக்கு வந்தது. அமெரிக்க அதிகாரி ஒருவரைக்கூட அவர் நேரில் சந்தித்ததில்லை என்பது இதில் பெரிய விசேஷம்.

நம் நாட்டில் நாகாலாந்து. தனி நாடு கேட்ட நாகா போராளிகளுக்கும் அரசுக்கும் அங்கே சண்டை. 1964 தொடக்கத்தில் வோக்காவில் கூடிய பாப்டிஸ்ட் சபை மாநாடுதான் அமைதிக் குழு வேண்டும் என்று கேட்டது. ஜெயப்பிரகாஷ் நாராயண், அசாம் முதல்வர் சாலிஹா, மைக்கேல் ஸ்காட் என்ற ஆங்கிலிக்கப் பாதிரியார் மூவரும் அதில். செப்டம்பர் 6-ல் போர் நிறுத்தம் வந்தது. ஊர் மக்கள் பல வருஷம் கழித்துப் பயமில்லாமல் வயலுக்குப் போனார்கள். ஆனால் ஸ்காட், நாகா தலைவர் ஃபிசோவை லண்டனுக்கு வரவைக்க முன்பே உதவியவர். டில்லிக்கு அவர் மேல் முதலிலிருந்தே சந்தேகம். 1966-ல் நாட்டைவிட்டே அனுப்பிவிட்டார்கள், குழுவும் கலைந்தது. ஒரு தரப்புக்கு முன்பே உதவியவரை நடுவில் உட்காரவைத்தால் இப்படித்தான்.

அயோத்தியில் காஞ்சி ஜெயேந்திரர் முயன்றார். 2003 ஜூலையில் முஸ்லிம் தனிச்சட்ட வாரியம் அவர் யோசனைகளை நிராகரித்தது. 2019-ல் உச்ச நீதிமன்றம் போட்ட சமரசக் குழு மூவரில் இருவர் நம் பக்கத்துக்காரர்கள்: காரைக்குடி கலிஃபுல்லா, சென்னை ஸ்ரீராம் பஞ்சு. மூன்றாமவர் ஸ்ரீஸ்ரீ ரவிசங்கர். முடிவு எப்படி இருக்கவேண்டும் என்று முன்பே வெளியில் பேசியவர் ஆயிற்றே என்று அவர் மேல் ஆட்சேபம் வந்தது. சமரசம் பலிக்கவில்லை, நவம்பர் 9-ல் தீர்ப்பு வந்துவிட்டது.

கேள்வி: ஓய்வுக்குப் பிறகு நீங்கள் யாருக்காவது சமரசம் செய்துவைக்கிறீர்களா? (கரூர் வாசகி)

எங்கள் அடுக்குமாடியில் பார்க்கிங் தகராறு வந்தபோது செயலாளர் கூப்பிட்டார். என் காரும் அங்கேதான் நிற்கிறது என்று சொல்லி, அடுத்த தெரு ஹெட்மாஸ்டரை அனுப்பிவைத்தேன்.